கைக்கடிகார அளவா, பெரிய திரையா: டைவ் கம்ப்யூட்டர் தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டைவ் கம்ப்யூட்டர் என்பது நீருக்கடியில் ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, எவ்வளவு நேரம் பாதுகாப்பாகக் கீழே இருக்கலாம் என்று கணக்கிடும் கருவி. அதை வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் வசதிப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். திசைகாட்டி உண்டா, டேங்க் அழுத்தத்தை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரோடு சேருமா, இதயத்துடிப்பு காட்டுமா என்று ஒப்பிட்டு, கடைசியில் அளவைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். நீருக்கடியில் ஒரு நொடிப் பார்வையில் எண்ணைப் படிக்க முடியாவிட்டால், உள்ளே எத்தனை வசதி இருந்தும் பயனில்லை. அதனால் முதலில் கண், அடுத்து டைவின் தன்மை, பிறகு கையும் பட்டையும், அதன் பின் பேட்டரி. வசதிப் பட்டியல் இவற்றுக்குப் பிறகுதான்.

இங்கே 'கைக்கடிகார அளவு' என்பது சுமார் 40 முதல் 53 மில்லிமீட்டர் அகல வட்டமுகக் கருவிகள். ஷியர்வாட்டர் டெரிக், கார்மின் டிசென்ட் வரிசை, சூந்தோ டி5 போன்றவை இந்த வகை. 'பெரியது' என்பது மணிக்கட்டில் கட்டும் பெட்டி வடிவக் கருவி. ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ், பெரெக்ரின் இரண்டிலும் திரை 2.2 அங்குலம்.

## 1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

- நீங்கள் டைவில் அணியும் அதே மாஸ்க். பவர் லென்ஸ் போட்டிருந்தால் அதோடு.
- நீங்கள் போடுவதிலேயே தடிமனான கையுறையும், வெட்சூட் (உடலோடு ஒட்டும் ரப்பர் உடை) அல்லது டிரைசூட்டும் (நீர் புகாத உடை).
- ஒரு டார்ச்.
- 3, 5, 8 மில்லிமீட்டர் உயரத்தில் எண்கள் அச்சிட்டு லேமினேட் செய்த அட்டை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எண்கள் ஒரு பக்கம், வெள்ளையில் கறுப்பு மறுபக்கம்.
- அடுத்த இரண்டு ஆண்டுகளில் செய்யப்போகும் டைவ்களைப் பற்றிய நேர்மையான குறிப்பு. ஆசைப்படும் டைவ்களை அதில் சேர்க்க வேண்டாம்.

அட்டை தேவையில்லாத வேலையாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் தேர்வில் வேறெதையும்விட அதிகம் சொல்லப்போவது அதுதான்.

## 2. எந்தக் கணத்தில் திரையைப் பார்க்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

அமைதியாக 18 மீட்டரில் மிதக்கும்போது எந்தத் திரையும் நன்றாகவே தெரியும். சோதனை மேலேறும்போது வருகிறது. இடது கை இன்ஃப்ளேட்டரை (மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றி இறக்கும் குழாயை) பிடித்து உயர்ந்திருக்கும், கண் கூட்டாளியைத் தேடும், ஆழம் நொடிக்கு நொடி மாறும். திரைக்குக் கிடைப்பது ஒரு நொடி.

அந்த ஒரு நொடியில் நான்கு விவரங்கள் தெரிய வேண்டும்: ஆழம், மீதமுள்ள நோ-டெகோ நேரம் (கட்டாய நிறுத்தமின்றி மேலேறக்கூடிய நேரம்), மேலேறும் வேகம், நிறுத்தத்தில் மீதமுள்ள நேரம். வேகம் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். 5 மீட்டரில் 3 நிமிட சேஃப்டி ஸ்டாப்புக்கான, அதாவது முன்னெச்சரிக்கை நிறுத்தத்துக்கான, கணக்கு ஓடும். எண்ணைத் தேடிக்கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், அதற்குள் அரை மீட்டர் மேலே போயிருப்பீர்கள்.

இங்கேயே மணிக்கட்டையும் முடிவு செய்யுங்கள். இன்ஃப்ளேட்டரை உயர்த்தும் இடது கையில் கட்டினால், மேலேறும்போது திரை தலைக்கு மேலே போய்விடும் அல்லது பக்கவாட்டில் திரும்பிவிடும். வலது கையில் கட்டினால் அதை முகத்துக்கு முன் வைத்துக்கொண்டே ஏறலாம். கேமராவை இரு கையால் பிடிப்பவர்களுக்கு எந்தக் கை என்பது கேமராவின் நீர்புகா உறையான ஹவுசிங்கின் பிடியைப் பொறுத்தது. பிடித்தபடியே திரை தெரிகிறதா என்று பாருங்கள். பெரிய கருவி சாய்ந்த கோணத்திலும் படிக்கக் கிடைக்கும். சிறியதற்கு மணிக்கட்டைத் திருப்ப வேண்டும்.

## 3. கண் சோதனை

மாஸ்க் வழியே நீருக்கடியில் பார்க்கும்போது பொருள்கள் பெரிதாகவும் அருகிலும் தெரிகின்றன. ஒளி நீரிலிருந்து கண்ணாடிக்குப் பின்னாலுள்ள காற்றுக்குள் வரும்போது வளைவதே காரணம். 'பெரிதாகத்தானே தெரியும், சின்னத் திரையே போதும்' என்று புதியவர்கள் முடிவெடுப்பது இங்கேதான்.

அந்தக் கணக்கில் பாதிதான் இருக்கிறது. 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்த திரை கண்ணுக்குச் சுமார் 30 சென்டிமீட்டரில் இருப்பதுபோல் ஆகிறது. கண் அந்தக் கிட்டத் தூரத்துக்குக் குவிந்தாக வேண்டும். இளம் கண்ணுக்கு இது பிரச்சினையே இல்லை. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து தொடங்கியவருக்கு, நிலத்தில் கையை நீட்டி வைத்துப் படித்த எண் நீருக்கடியில் பெரிதாக, ஆனால் மங்கலாகத் தெரியும். மங்கிய 3 பெரிதானாலும் 8 போலத்தான் இருக்கும்.

செய்முறை இதுதான்:

1. நீச்சல் குளத்தில், மாஸ்க்கோடு, டைவில் பார்ப்பதுபோல் முழங்கையை இயல்பாக மடக்கி அட்டையைப் பிடியுங்கள். முகத்தருகே இழுக்க வேண்டாம்.
2. 8, 5, 3 மில்லிமீட்டர் வரிசையில் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடிதான்.
3. இதையே மாலை மங்கிய பிறகு, டார்ச் இல்லாமலும் டார்ச்சோடும் செய்யுங்கள். வெளிச்சம் குறையும்போது கருவிழித்துளை விரிந்து, தெளிவாகத் தெரியும் தூர எல்லை சுருங்கிவிடும். பகலில் தப்பிய வெள்ளெழுத்து இங்கே பிடிபடும்.
4. படிக்க முடிந்த மிகச்சிறிய அளவைக் குறித்து, வாங்க நினைக்கும் கருவியின் எண்களை அளவுகோலால் அளந்து ஒப்பிடுங்கள்.

அளக்கும்போது ஆழத்தைக் காட்டும் பெரிய எண்ணோடு நின்றுவிடாதீர்கள். எல்லாத் தயாரிப்பாளரும் அதைப் பெரிதாகவே வைத்திருப்பார்கள். நோ-டெகோ நேரமும் நிறுத்த நேரமும் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். இவை பின்தள்ளப்பட்டுச் சிறிதாக இருப்பது கடிகார அளவுக் கருவிகளில் அடிக்கடி காணப்படும் குறை.

3 மில்லிமீட்டரை மங்கிய ஒளியிலும் தயங்காமல் படித்தால் இரண்டு அளவும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. 5 மில்லிமீட்டரில் தடுமாறினால் பெரிய திரைக்குப் போங்கள், அல்லது மாஸ்க்கின் கீழ்ப்பாதியில் படிப்பு லென்ஸ் பொருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். பல நேரங்களில் லென்ஸ்தான் மலிவான, சரியான தீர்வு. டேங்க் அழுத்தமானியையும் கேமரா அமைப்பையும் படிக்க அது உதவும்.

இந்தப் படியில் நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, கடையின் வெள்ளை விளக்குக்குக் கீழே, மூக்குக்கண்ணாடியோடு, கருவியை முகத்தருகே வைத்துப் பார்ப்பது. மற்றது, இன்றைய கண்ணுக்கு மட்டும் வாங்குவது. கருவி பல ஆண்டுகள் உழைக்கும். வயது 42 என்றால் 48-க்கும் சேர்த்தே யோசியுங்கள்.

## 4. திரையின் வகையைப் பாருங்கள்

ஒரே அளவுத் திரைகள்கூட ஒரே மாதிரி தெரிவதில்லை.

எண் துண்டுகளால் ஆன பழைய பாணி எல்சிடி, வெளியிலிருந்து வரும் ஒளியில் படிக்கப்படுகிறது. நல்ல வெயிலில் கச்சிதமாகத் தெரியும். இருளில் பின்விளக்குக்குப் பொத்தானை அழுத்த வேண்டும், அது சில நொடிகளில் அணைந்துவிடும். இரவு டைவ் செய்பவருக்கு இது தொல்லை.

பின்விளக்கு தொடர்ந்து எரியும் வண்ண எல்சிடியே பெரும்பாலான பெரிய கருவிகளில் இருக்கிறது. கலங்கல் நீரிலும் இருளிலும் நன்றாகத் தெரியும். கடிகார அளவில் இப்போது பரவலாக வரும் அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு முழுக் கறுப்பாக இருப்பதால் சிறிய எண்ணும் வெட்டினாற்போல் தெரியும். சிறிய திரையின் குறையை இது ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆனால் பேட்டரியை அதிகம் குடிக்கும். டைவ் முழுவதும் திரை ஒளிர்ந்துகொண்டே இருக்குமா, கையைத் திருப்பினால்தான் விழிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விழிக்கும் வகையானால் டைவின்போது தொடர்ந்து ஒளிரும்படி அமைக்க முடிய வேண்டும்.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் எச்சரிக்கை நிறத்தை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். நிறத்தோடு எண் மின்னவும் செய்கிறதா என்பது அதைவிட முக்கியம்.

## 5. டைவின் தன்மையும் கருவியின் திறனும்

அளவையும் திறனையும் ஒன்றாகக் குழப்புவது மிகப் பரவலான தவறு. 'பெரியது டெக்னிக்கல் டைவருக்கு, சிறியது பொழுதுபோக்குக்கு' என்ற கணக்கு இப்போது செல்லாது. டெரிக் கடிகார அளவுதான், ஆனால் டிரைமிக்ஸும் (ஹீலியம் கலந்த வாயு) ரீபிரீதரும் (வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்து மறுபடி தரும் கருவி) கையாளும். முதலில் வந்த பெரெக்ரின் பெரிய திரை கொண்டது, ஆனால் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்று) வரைதான். அதில் திசைகாட்டியும் டிரான்ஸ்மிட்டர் இணைப்பும் கிடையாது. இரண்டும் பெரெக்ரின் டிஎக்ஸில்தான் வந்தன.

ஒரே டேங்க், 40 மீட்டருக்குள், நோ-டெகோ எல்லைக்குள் என்றால் எந்த அளவும் போதும். நைட்ராக்ஸ் கலவையை உள்ளிட்டு ஆழ எல்லையைச் சரிபார்க்கத் தெரிந்தால் சரி. 32 சதவீதக் கலவைக்கு 1.4 பார் ஆக்சிஜன் அழுத்தத்தில் 33 மீட்டர், 36 சதவீதத்துக்கு 28 மீட்டர். கருவியில் கலவையைப் போட்டதும் இதே எண்கள் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

டெகோ நிறுத்தங்களும் (மேலேறும் வழியில் கட்டாயமாக நிற்க வேண்டியவை) பல வாயுக்களும் வரும் டைவ்களுக்குப் பெரிய திரையே என் பரிந்துரை. காரணம் திறன் அல்ல. நிறுத்த ஆழம், அதன் நேரம், மேலே சேர மொத்த நேரம், இப்போதைய வாயு, ஆக்சிஜன் அழுத்தம் எல்லாம் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். சிறிய திரையில் அவற்றைக் காணப் பக்கம் புரட்ட வேண்டிவரும். வாயு மாற்றும் நேரத்தில் பக்கம் புரட்டுவது தவறுக்கு வழி.

மூச்சடக்கி மூழ்கும் ஃப்ரீடைவிங் இதற்கு நேர் எதிர். நீரின் இழுவையும் கையின் எடையும் குறைவாக இருக்க வேண்டும். கைக்கடிகாரம்தான் சரி.

ஆழ எல்லையை இரண்டு இடங்களில் படியுங்கள். '100 மீட்டர் நீர்ப்புகாத் தன்மை' என்பது கூட்டின் தாங்குதிறன். டைவ் கருவியாக எந்த ஆழம் வரை வேலை செய்யும் என்பது வேறு எண். ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவில் 100 மீட்டர் என்று குறித்திருக்கும். பொழுதுபோக்கு டைவுக்கு அது சொல்லும் எல்லை 40 மீட்டர். 40 மீட்டரே உங்கள் பயிற்சியின் எல்லையானாலும், கருவிக்கு அதற்கு மேலும் இடமிருப்பது நல்லது. தவறுதலாக 42 மீட்டர் போன நேரத்தில்தான் கணக்கு அதிகம் தேவைப்படும்.

## 6. கையும் கையுறையும் பட்டையும்

கையுறையோடு எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். கடிகார அளவில் பொத்தான்கள் பக்கவாட்டில், சிலவற்றில் ஐந்து வரை இருக்கும். 5 மில்லிமீட்டர் கையுறையில் ஒன்றை அழுத்தினால் எதிர்ப்பக்கத்து மற்றொன்றும் அழுந்தும். பெரிய கருவிகளில் பெரும்பாலும் இரண்டே பொத்தான்கள்.

வெட்சூட்டின் நியோப்ரீன் ரப்பர் ஆழத்தில் நசுங்கும். மேலே இறுக்கமாக இருந்த பட்டை 20 மீட்டரில் தளர்ந்து, கருவி மணிக்கட்டைச் சுற்றிக் கீழே திரும்பிவிடும். மெல்லிய கைகளில் பெரிய பெட்டிக்கு இது அதிகம் நடக்கும். தீர்வு பங்கீ எனும் மீள் கயிறு. நசுங்கும் அளவுக்கு அதுவும் சுருங்கிக்கொள்ளும். கட்டும்போது இரண்டு கயிறுகளைத் தனித்தனியாக முடிச்சிடுங்கள். ஒன்று அறுந்தால் மற்றொன்று பிடிக்கும். ஒரே கயிற்றை இரு பக்கமும் கோத்தால் ஓரிடத்தில் அறுந்தாலே கருவி போய்விடும்.

கடிகாரத்தில் பலவீனமான இடம், பட்டையைக் கூட்டோடு பிடிக்கும் ஸ்பிரிங் பார். இரண்டு பாருக்கும் கீழே ஒரே நீளமாக ஓடும் நேட்டோ வகைத் துணிப்பட்டை போட்டால், ஒரு பார் கழன்றாலும் கருவி கையிலேயே தொங்கும். டிரைசூட் போடுபவர்கள் கூடவே வரும் பட்டை சட்டைக்கைக்கு மேல் எட்டுகிறதா என்று பாருங்கள். பல நேரம் நீட்சிப் பட்டையைத் தனியாக வாங்க வேண்டிவரும்.

## 7. பேட்டரி

இங்கே கேள்வி எத்தனை மணி நேரம் என்பதைவிட, தீர்ந்தால் யார் மாற்றுவது என்பது.

பெர்டிக்ஸ் போன்ற சில பெரிய கருவிகள் எங்கும் கிடைக்கும் டபுள் ஏ பேட்டரியில் ஓடும். தீர்ந்தால் மூடியைத் திருகி மாற்றிவிடலாம். மாற்றியதும் மெனுவில் பேட்டரி வகை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 1.5 வோல்ட் ஆல்கலைனுக்கும் லித்தியத்துக்கும் மின்னழுத்தம் குறையும் விதம் வேறு. வகை தவறினால் அளவுகாட்டி பொய் சொல்லும். மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் முடியோ மணலோ ஒட்டியிருக்கக் கூடாது. கருவிப் புத்தகம் சொல்லும் கிரீஸை மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள்.

அமோலெட் கடிகாரங்கள் அனைத்தும் ஏறக்குறைய ரீசார்ஜ் வகைதான். டைவ் நேரமாகக் கணக்கிட்டால் பல மாடல்களுக்கு 20 முதல் 30 மணி நேரம் வரும். ஒரு நாளைக்கு நான்கு டைவ் என்றாலும் தாராளம். ஆனால் நாள் முழுவதும் கடிகாரமாகவும் ஓடினால் அதிலிருந்தே கழியும். இரவில் சார்ஜில் போட மறந்தால் காலையில் 15 சதவீதத்தோடு படகில் நிற்பீர்கள். இன்னொன்று: உள்ளே அடைபட்ட லித்தியம்-அயான் ஆண்டுகள் போகப்போகத் தேயும். அதை மாற்றக் கருவியைச் சேவைக்கு அனுப்ப வேண்டும். பத்தாண்டு வைத்திருக்க நினைப்பவர் இதை எடைபோட வேண்டும்.

## 8. டிரான்ஸ்மிட்டர் வேண்டுமா?

டேங்க் அழுத்தத்தைப் பெரும்பாலும் ரேடியோ வழியே அனுப்பும் இந்தச் சிறு உருளை, ரெகுலேட்டரின் (மூச்சுக் கருவியின்) டேங்கில் பொருந்தும் முதல் கட்டத்தில் உயர் அழுத்தத் துளையில் பொருந்தும். நீரில் ரேடியோ அலை ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் போகும். உடம்பு இடையில் வந்தால் விட்டுவிட்டு வரும். துளை வலப்பக்கம் என்றால் கம்ப்யூட்டரும் வலது கையில் இருப்பது நல்லது.

திரையில் இன்னொரு எண் கூடுவதால் அளவுத் தேர்வையும் இது பாதிக்கிறது. கடிகார அளவில் அழுத்த எண்ணைச் சேர்த்ததும் மற்ற எண்கள் சுருங்குகின்றனவா என்று மெனுவில் மாற்றிப் பாருங்கள். 3-ஆம் படியில் எடுத்த அளவோடு மறுபடி ஒப்பிட வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரைப் பிடியாக நினைத்து டேங்கைத் தூக்குபவர்கள் உண்டு. கழுத்துப் பகுதி உடையும். மற்றவர்கள் தூக்கக்கூடிய இடத்தில் அதைச் சுற்றி ஒரு நிறப் பட்டை கட்டுங்கள். சாதாரண அழுத்தமானியையும் கழற்றிவிட வேண்டாம்.

## 9. அல்காரிதம்

உடலில் கரையும் நைட்ரஜனைக் கணக்கிடும் முறைதான் அல்காரிதம். இதற்கும் அளவுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் பணம் கொடுக்கும் முன் பார்த்தாக வேண்டும். பூல்மன் ஜெட்.எச்.எல்-16சி என்ற அல்காரிதத்தைப் பயன்படுத்தும் கருவிகளில், கணக்கின் பாதுகாப்பு அளவைத் தீர்மானிக்கும் கிரேடியண்ட் ஃபேக்டரை நீங்களே மாற்றலாம். ஷியர்வாட்டரின் 45/95, 40/85, 35/75 என்ற மூன்று நிலைகளில் எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். தயாரிப்பாளரின் சொந்த அல்காரிதங்களில் சில படிகள் மட்டுமே கிடைக்கும். வழக்கமான கூட்டாளியின் கருவி வேறு கணக்கில் ஓடினால், ஒருவர் திரையில் நோ-டெகோ நேரம் 9 நிமிடமும் மற்றவர் திரையில் 3 நிமிடமும் நிற்கும். குறைவான எண்ணைத்தான் இருவரும் பின்பற்ற வேண்டும். இரண்டாவது கருவி வாங்கினால் முதலாவதன் அல்காரிதத்தையே எடுப்பது இதனால்தான்.

## 10. முடிவெடுத்தல்

கண் சோதனையில் 3 மில்லிமீட்டரையும் படித்தவர், தெளிந்த வெப்பமண்டலக் கடல்களில் கையுறையில்லாமல் டைவ் செய்பவர், ஃப்ரீடைவும் செய்பவர், நாள் முழுவதும் கையில் போட்டுக்கொள்ள நினைப்பவர் – இவர்களுக்குக் கைக்கடிகார அளவு. தினமும் அணிவதில் உண்மையான லாபம் உண்டு. கருவியை வீட்டில் மறப்பதில்லை. டைவுக்குப் பின் விமானம் ஏறக் காத்திருக்க வேண்டிய நேரம் கண்முன் இருக்கும். ஆனால் குளத்தில் ஒன்றரை மீட்டர் மூழ்கினாலே சில கருவிகள் டைவாகப் பதிந்துவிடும். தானாகத் தொடங்குவதை அணைக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளெழுத்து உள்ளவர், குளிர் நீரில் தடித்த கையுறை போடுபவர், கலங்கல் நீர், இரவு, டெகோ டைவ் செய்பவர் – பெரியது. முதல் கம்ப்யூட்டர் வாங்கும் டைவருக்கும் நான் பெரியதையே சொல்வேன். மிதப்பைக் கட்டுப்படுத்தவே கவனம் முழுவதும் போகும் காலத்தில் எண் தானாகக் கண்ணில் பட வேண்டும்.

இரண்டும் வாங்க முடிந்தால் பெரியது முதன்மை, கடிகாரம் மாற்று. இரண்டையும் முதல் டைவிலிருந்தே ஒன்றாக அணிய வேண்டும். பெட்டியில் இருந்த கருவிக்கு உங்கள் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் தெரியாது. காலை டைவை ஒன்றிலும் மதிய டைவை மற்றொன்றிலும் செய்தால் இரண்டின் கணக்கும் தவறு. ஒரே கருவியை இருவர் பகிர்வதும் இதே காரணத்தால் கூடாது.

## 11. வாங்கிய முதல் நாள்

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், திரைப் படலத்தைக் கிழிக்காதீர்கள். திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் 3-ஆம் படியை உண்மையான கருவியோடு குளத்தில் ஒருமுறை செய்யுங்கள். குளத்துக்குப் போகும் முன் அதைத் திருப்பி எடுப்பார்களா என்று கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. நீரில் நனைந்ததை ஏற்காத கடைகள் உண்டு.

பிறகு அமைப்புகள், இந்த வரிசையில்: அலகு (மீட்டர், பார்), தேதி-நேரம், நீரின் அடர்த்தி, வாயுக் கலவை, கிரேடியண்ட் ஃபேக்டர் அல்லது பாதுகாப்பு நிலை, கடைசியாக அலாரங்கள். கடல்நீர், நன்னீர், ஈ.என். 13319 (ஐரோப்பியத் தரநிலை அடர்த்தி) என மூன்று அடர்த்தித் தேர்வு இருந்தால், மூன்றுக்கும் ஆழ எண் சற்றே மாறுபடும். கூட்டாளியோடு ஒரே அமைப்பில் இருங்கள். அலாரங்களைக் கடைசியில் வைப்பது, அலகு மாறினால் முன்பு போட்ட ஆழ எல்லைகள் குழம்பிவிடும் என்பதால்.

திசைகாட்டி இருந்தால் படகிலிருந்தும் டேங்கிலிருந்தும் விலகி நின்று அளவீடு செய்யுங்கள். எஃகு டேங்கும் டார்ச்சின் காந்தச் சுவிட்சும் அதைத் திசை திருப்பும். டபுள் ஏ பேட்டரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி செய்ய வேண்டும், ஏனெனில் பேட்டரிக் கூட்டிலும் காந்தத் தன்மை உண்டு.

முதல் இரண்டு டைவ்கள் 12 மீட்டருக்குள், பழைய அல்லது வாடகைக் கருவியோடு சேர்த்து. சேஃப்டி ஸ்டாப்பில் கையை முகத்தருகே இழுக்கிறீர்களா என்று கூட்டாளியைக் கவனிக்கச் சொல்லுங்கள். இழுத்தால் முதலில் பெரிய எழுத்து அமைப்பையும் வெளிச்சத்தையும் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் இழுத்தால் அந்த அளவு உங்கள் கண்ணுக்குப் போதாது, காலக்கெடு முடியுமுன் மாற்றிக்கொள்ளுங்கள்.